ஏலத்தில் பெயர் வராத மருமகனுக்கு

மயிலாப்பூர்

அன்புள்ள கார்த்திக்,

ஐபிஎல் ஏலத்தில் உன்னை எந்த அணியும் எடுக்கவில்லை என்று அக்கா சொன்னாள். அந்த முடிவை நீ எவ்வளவு தூரம் மனதில் ஏற்ற வேண்டும் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏலம் என்பது திறமைக்கு மார்க் போடும் பரீட்சை இல்லை. ஒவ்வோர் அணியும் தன்னிடமுள்ள காலி இடத்தை, கையில் மிச்சமுள்ள பணத்துக்குள் நிரப்பிக்கொள்ளும் சந்தை அது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்துக்கு 1,574 பேர் பதிவு செய்தார்கள். விலைபோனவர்கள் 182 பேர். ஓர் அணிக்கு 25 பேர், அதில் வெளிநாட்டவர் 8 பேர் என்பதே உச்சவரம்பு. மிஞ்சியவர்கள் எல்லோரும் ஆடத் தெரியாதவர்களாக இருக்க முடியுமா?

நம் தமிழ்நாட்டு பேட்டர் ஜெகதீசனையே எடுத்துக்கொள். சிஎஸ்கே விடுவித்த அதே 2022 நவம்பரில், விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதம் அடித்தார். அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக எடுத்த 277 அவற்றில் ஒன்று. 2023-24 ரஞ்சி சீசனில் 816 ரன் குவித்தார். அப்படியும் 2025 ஐபிஎல்லில் பத்து அணிகளில் ஒன்றிலும் அவர் இல்லை. அந்த ஜூலையில் ரிஷப் பந்த் காயமடைந்ததும் இந்திய டெஸ்ட் அணி ஜெகதீசனை இங்கிலாந்துக்கு அழைத்தது. விலை கிடைத்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை. சென்னை லீகின் நான்காம் டிவிஷனில் ஜூபிளி கிளப்புக்குப் பந்து வீசி மேலே வந்த வருண் சக்கரவர்த்தியைப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. 2019 சீசனில் அவர் ஆடியது ஒரே ஆட்டம். 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகு இந்திய அணியில் மூன்று வருடம் இடமில்லை. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டங்களில் 9 விக்கெட் எடுத்தார்.

வேறு ஆட்டங்களிலும் இதே கதைதான். அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களை அணிகள் ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும். 2013-ல் ஆடம் தீலன் என்ற வைட் ரிசீவரை ஒரு சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை. சோதனை முகாம் வழியாக மினசோட்டா அணியின் பயிற்சிப் பட்டியலில் நுழைந்தார். பந்து பிடிக்கும் வாய்ப்பு வரும்வரை, பந்தை உதைக்கும் வேளைகளில் ஓடித் தடுக்கும் வேலையைச் செய்து அணியில் நிலைத்தார். 2017-ல் 1,276 கெஜம் சேர்த்தார். தனக்குப் பிடித்த வேலைக்காகக் காத்திருக்காமல், அணிக்குத் தேவைப்பட்ட வேலையைச் செய்ததுதான் அவரை உள்ளே வைத்திருந்தது.

இவர்கள் விதிவிலக்குகள், பெயர் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம் என்பாய். சரியான கேள்வி. நீயும் மேலே வருவாய் என்று இவர்கள் கதை உறுதி சொல்லவில்லை. ஏலத்தின் மௌனம் இறுதித் தீர்ப்பு இல்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஆகவே நம்பிக்கையோடு கணக்கும் வேண்டும். வருண் கட்டடக் கலை படித்தவர். நீயும் பட்டப்படிப்பைப் பாதியில் விடாதே. கம்பெனி அணியில் சம்பளத்தோடு இடம் கிடைத்தால் தயங்காமல் சேர்ந்துகொள். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டத்தைத்தானே தேர்வாளர்கள் பார்க்கிறார்கள், டிவிஷன் ஆட்டம் எதற்கு என்று கேட்கலாம். அந்த மேடைக்கு வருண் ஏறிய படி டிவிஷன் ஆட்டம்தான். தி. நகர் சோமசுந்தரம் மைதானத்து டென்னிஸ் பந்து ஆட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் உனக்காகப் பேசப்போவது லீக் ஸ்கோர்புக். பேட்டிங்கோடு ஃபீல்டிங்கையும் ஓர் ஓவராவது வீசும் திறனையும் வளர்த்துக்கொள். பதினொருவரில் ஓர் இடம் காலியாகும்போது அதுதான் உன்னை முன்னால் தள்ளும். ஒவ்வொரு சீசன் முடிவிலும் எந்த டிவிஷனில் எத்தனை ரன், போன வருடத்தைவிட மேலே வந்தாயா என்று நேர்மையாகப் பார். மூன்று சீசன் அசையாமல் அதே இடத்தில் நின்றால் வேறு வேலைக்குப் போ; அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் அந்த முடிவை உன் ரன்களைப் பார்த்து நீயே எடு. உன் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத ஏல மேசைக்கு அதை விட்டுக்கொடுக்காதே.

அன்புடன்,
உன் மாமா