உணவுக் கடைக்கு லைசென்ஸ்: திருத்தணிப் பகுதிச் சங்கங்கள் கவனிக்க வேண்டுவன

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பது ஊரார் கணக்கு. ஆடிக் கிருத்திகையன்று காவடியுடன் அப்படிகளை ஏறி இறங்கும் யாத்ரிகர்களுக்குச் சிற்றுண்டி விற்கவோ, நீர்மோரும் அன்னமும் தருமமாக வழங்கவோ சுற்றுக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வருவது இயல்பே. நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேறும், அரிசியும் பருப்பும் கொள்முதலாகும், பந்தலும் எழும். லைசென்ஸ் என்னும் விஷயம் மட்டும் கடைசி வாரத்தில் நினைவுக்கு வரும். “நாம் லாபத்துக்கு நடத்தவில்லையே, நமக்கு எதற்கு லைசென்ஸ்?” என்று யாராவது ஒரு அங்கத்தினர் கேட்பார், மற்றவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

இவ்வெண்ணம் தவறானது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், உணவு வணிகம் இன்னதென்று விளக்குமிடத்தில், லாபம் கருதியதாயினும் கருதாததாயினும், பொதுத் துறையினதாயினும் தனியாருடையதாயினும் அது உணவு வணிகமே என்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே அன்னதானப் பந்தலும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே. அங்கத்தினர்களுக்கு மாத்திரம் சரக்கு விற்கும் பண்டகசாலையும் விலக்குப் பெறாது. சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் காட்டிய வழியில், கலப்படமற்ற சாமான்களை நியாய விலைக்குத் தருவதே பண்டகசாலைகளின் நோக்கமாக இருந்து வந்திருக்கிறது. அந்நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் பதிவுச் சான்றுக்கு ஈடாகாது.

அனுமதி தரும் இடங்கள் இரண்டு என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழைய சென்னை மாகாணத்தில் 1918-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டமும், 1920-ஆம் ஆண்டின் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் இருந்தன. 1955 ஜூன் 1 முதல் தேசமெங்கும் ஒரே கலப்படத் தடைச் சட்டம் அமுலாயிற்று. 2011 ஆகஸ்டு 5 முதல் அதன் இடத்தை 2006-ஆம் ஆண்டின் சட்டம் எடுத்துக்கொண்டது. இதன்படி உணவின் சுத்தம் பற்றிய பதிவையோ லைசென்ஸையோ உணவுப் பாதுகாப்புத் துறை வழங்கும். கடை நடத்தும் தொழிலுக்கான உரிமத்தைத் திருத்தணி நகர எல்லைக்குள் நகராட்சியும், கிராமங்களில் ஊராட்சியும் வழங்கும். ஒன்று கையிலிருப்பதால் மற்றொன்று வேண்டாமென்று ஆகாது. தள்ளுவண்டி வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி விற்பனைச் சான்றும் உண்டு. கடை எழும் நிலம் தேவஸ்தானத்துக்கு உரியதாயின், அந்நிர்வாகத்தின் எழுத்து மூலமான இசைவின்றி இடத்தைப் பற்றிய அத்தாட்சி காட்ட இயலாது.

உணவுப் பாதுகாப்புத் துறையிடம் செல்வோர் பதிவு, லைசென்ஸ் ஆகிய இரண்டின் வித்தியாசத்தை அறிந்து செல்லுதல் நலம். சிறு வியாபாரிகள் பதிவு செய்துகொண்டால் போதும்; அதற்குமேல் லைசென்ஸ் வேண்டும். 2011-இல் விதிகள் வகுக்கப்பட்டபோது, வருஷ விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு என்றும், பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. இத்தகைய எல்லைகள் மாற்றத்துக்கு உரியவை. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள தொகையை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமே கேட்டறிக. லைசென்ஸுக்குக் கடையின் வரைபடம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை முதலியவற்றுடன், கூட்டுறவுச் சங்கமாயின் சங்கப் பதிவுச் சான்றின் நகலும் கேட்கப்படும். விண்ணப்பங்கள் இணையதளத்தின் வழியே செல்கின்றன. அதனால் தரகரைத் தேடுவோர் பலர். நூறு ரூபாய்ப் பதிவுக்கு அதனினும் பன்மடங்கு கூலி கொடுப்பது சங்கப் பணத்தை வீணாக்குவதேயாகும். சங்கக் காரியதரிசி ஒரு பகல் பொழுதைச் செலவிட்டால் தாமே முடித்துவிடக் கூடிய வேலை இது.

காலக் கணக்கு மிக முக்கியம். 2011-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பதிவு விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் அலுவலர் பதிவைத் தர வேண்டும். அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும். அல்லது இடத்தைப் பார்வையிட நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பார்வையிடுவதாயின் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இவற்றுள் எதுவும் நடவாவிடில் சிறு வியாபாரி தொழிலைத் தொடங்கலாம் என்றும் அவ்விதிகள் கூறின. விண்ணப்பம் சேர்ந்த நாளைக் காட்டும் ரசீது இல்லாதவருக்கு இச்சலுகையால் பயன் ஒன்றுமில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல் போடும் சங்கம் வைகாசி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், பார்வையிடலும் திருத்தங்களும் நிதானமாக நடக்கும். லைசென்ஸ் மறுக்கப்பட்டால் உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நிர்வாகக் குழுவினர் பெரும்பாலும் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. விற்ற பண்டத்தில் குற்றம் காணப்பட்டால் யார் பதில் சொல்லுவது? சட்டத்தின் 66-ஆம் பிரிவு நிறுவனங்களைப் பற்றியது. ‘நிறுவனம்’ என்னும் சொல்லில் தனிமனிதர்களின் கூட்டமைப்பும் அடங்கும் என்று அப்பிரிவே விளக்குவதால், கூட்டுறவுச் சங்கம் அதற்கு வெளியே நிற்பதில்லை. குற்றம் நேர்ந்த காலத்தில் வணிகத்தை நடத்தும் பொறுப்பிலிருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாகக் கருதப்படலாம். தமக்குத் தெரியாமல் நடந்ததென்றோ, தக்க ஜாக்கிரதை எடுத்துக்கொண்டதாகவோ நிரூபிப்பவரே தப்புவார். கணக்குப் புஸ்தகத்தில் கையொப்பமிடுவதற்கென்று மாத்திரம் குழுவிலிருக்கும் எளிய குடியானவர் இப்பொறுப்பில் அகப்படலாகாது அன்றோ? ஆகையால் கடையை நேரில் மேற்பார்க்கும் ஒருவரைப் பொறுப்பாளராகத் தீர்மானத்தின் மூலம் நியமித்து, 9-ஆம் படிவத்தை அனுப்புதல் வேண்டும். அவர் நாள்தோறும் கடைக்கு வரக்கூடியவராயிருத்தல் வேண்டும். பெயரளவில் ஒருவரை நியமித்துவிட்டு அவரை ஊரிலேயே இருக்கச் செய்வது அவருக்கே இழைக்கும் அநீதி.

பார்வையிட வரும் அலுவலர் காண்பவை சாதாரண விஷயங்களே: சாக்கடைக்கு அப்பாற்பட்ட இடம், நல்ல தண்ணீர், ஈ மொய்க்காதபடி மூடிய பண்டம், தொற்றுநோய் இல்லாத, நகம் வெட்டிய கைகளை உடைய பணியாளர். வடையும் பஜ்ஜியும் சுடுவோர் எண்ணெயைப் பற்றித் தனியே எச்சரிக்கையாயிருக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பண்டகசாலையில் அயோடின் சேராத உப்பை உண்பதற்கென்று விற்றலும் தடுக்கப்பட்டது. பதிவுச் சான்றைக் கடையில் யாவரும் காணும்படி தொங்கவிட வேண்டும். 14 இலக்கப் பதிவு எண்ணை ரசீதில் அச்சிடும் கட்டளை 2022 ஜனவரி 1 முதல் வந்தது.

எல்லையோரச் சங்கங்களுக்கு மட்டும் உரிய விஷயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. திருத்தணி 1911 முதல் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அதனோடு சென்று, 1960 ஏப்ரல் 1-இல் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. இன்று நகரி பக்கத்து வியாபாரி திருத்தணியிலும், திருத்தணிச் சங்கம் நகரியிலும் கடை வைப்பது புதுமையன்று. சட்டம் இரு பக்கமும் ஒன்றே. ஆயினும் வெவ்வேறு அலுவலரின் பகுதிகளில் உள்ள கடைகளுக்குத் தனித்தனி விண்ணப்பமும் தனித்தனி அனுமதியும் வேண்டும். நகரிக் கடையின் சான்றைத் திருத்தணிப் பந்தலில் மாட்டிவைப்பது செல்லாது.