ஒளிக்கு ஒரு 'பாயிண்ட்'

ரயில் ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு மாற 'பாயிண்ட்' வேண்டும். நம் டெலிபோன் பேச்சையும் கம்ப்யூட்டர் செய்தியையும் சுமக்கும் ஒளியிழைக்கும் அப்படி ஒன்று வேண்டும். பள்ளம் தோண்டுபவர் கேபிளை வெட்டிவிட்டால், ஒளியை உடனே மாற்று வழியில் திருப்பியாக வேண்டும். இல்லையேல் கண்ட்ரோலரும் ஸ்டேஷன் மாஸ்டரும் பேச இயலாது. தொலைத்தொடர்பு வளையங்களில் இம்மாற்றத்துக்கு 50 மில்லி நொடி என்பது நெடுநாளாக உள்ள அளவுகோல்.

சிறு கண்ணாடியை அசைத்து ஒளியைத் திருப்பலாம். ஆனால் அசையும் உறுப்பு தேயும். அசையாமல் திருப்ப ஒரு வழி காந்தம்.

காந்தம் ஒளியை இழுக்குமா? இழுக்காது, முறுக்கும்! ஒளி ஓர் அலை. அதன் அதிர்வை ஒரே தளத்தில் நிறுத்துவதற்குத் தளவிளைவு என்று பெயர். நம் பிள்ளைகள் பள்ளியில் 'போலரைசேஷன்' என்று படிப்பது இதுவே. கால்குலேட்டர் திரைக்கு முன் போலராய்டு கூலிங் கிளாஸைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் எழுத்து மறையும். மேலும் 90 டிகிரி திருப்பினால் மீண்டும் தெரியும்.

1845இல் மைக்கேல் ஃபாரடே, ஈயம் கலந்த கனமான கண்ணாடியைக் காந்தப் புலத்தில் வைத்து, அதன் வழியே சென்ற ஒளியின் அதிர்வுத் தளம் திரும்புவதைக் கண்டார். சாதாரணக் கண்ணாடியில் இது மிகச் சிறிது. இரும்பும் பிஸ்மத்தும் சேர்ந்த கார்னெட் படிகத்திலோ மிக அதிகம். ஒளியிழையில் செல்லும் 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அரை மில்லிமீட்டர் அளவுள்ள துண்டே 45 டிகிரி திருப்பிவிடும்.

இனி ஸ்விட்ச் எளிது. படிகத்தைச் சுற்றி ஒரு காயில். மின்னோட்டம் ஒரு திசையில் சென்றால் ஒளி வலப்பக்கம் 45 டிகிரி திரும்பும். எதிர்த்திசையில் சென்றால் இடப்பக்கம் 45. வித்தியாசம் 90 டிகிரி. அடுத்துள்ள விசேஷ பட்டகம் ஒரு தளத்து ஒளியை நேரே விடும். அதற்குச் செங்குத்தானதைப் பக்கவாட்டில் திருப்பும். இரண்டு வாசலிலும் ஓர் இழை. பாதை மாறிவிட்டது! இழையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் இராது என்பதால், முதலில் அதை இரு கூறாக்கி, இறுதியில் சேர்த்துவிடுவார்கள்.

இதில் சிக்னல் துறையினர் மெச்சும் குணம் ஒன்று உண்டு. காந்தத்தன்மை தங்கும் பொருளைப் பயன்படுத்தினால், மாற்றுவதற்கு மட்டும் ஒரு துடிப்பு மின்சாரம் போதும். பிறகு கரண்ட் போனாலும், பூட்டிய பாயிண்ட் போலப் பாதை அப்படியே நிற்கும்.

குறையும் உண்டு. படிகம் சிறிது ஒளியை விழுங்கும். வெப்பம் மாறினால் திரும்பும் கோணமும் மாறும். ஆகவே நூற்றுக்கணக்கான இழைகள் கூடும் பெரிய ஸ்விட்சுகளில் நுண்ணிய கண்ணாடிகளுக்கே இடம்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு கேள்வி: கார்னெட்டில் 45 டிகிரி திரும்பிய ஒளி, எதிரொளித்து அதே வழியே வந்தால் பழைய நிலையை அடையுமா? அடையாது, அதே பக்கம் இன்னொரு 45 திரும்பி, 90 ஆகி, நுழைவாயிலில் தடைபடும். லேசரைக் காக்கும் 'ஒருவழிக் கதவு' இப்படித்தான் வேலை செய்கிறது. ஏன் என்று படம் வரைந்து பாருங்கள்.