மூடித் திறந்தபின் இருண்ட திரை

உறங்குவானை இறந்தான் எனக் கருதி ஈமக்கடன் தொடங்குவார் எவரும் இலர். மடிக்கணினியின் திறத்திலோ நம்மிற் பலர் அதனையே செய்கின்றனர். சென்ற ஆண்டு எம் விடுதித் தோழர் ஒருவர், தொல்காப்பியச் சொல்லதிகாரம் பற்றிய கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில், உணவு மணி கேட்டுக் கணினியை மூடிச் சென்றார். மீண்டு வந்து திறந்தபோது திரை இருண்டு கிடந்தது. அஞ்சிய அவர் மின்பொத்தானை அழுத்திப் பிடித்தார், கணினி அணைந்தது, சேமியாதிருந்த 11 பக்கங்களும் அழிந்தன. அவ்விழப்பே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அக்கணினியில் இயங்கியது லினக்ஸ். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அது, பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்தது. அத்தகைய கணினியை மூடுங்கால் நிகழ்வது யாது? மூடியிலுள்ள சிறு காந்தம் அடிப்பாகத்திலுள்ள உணர்கருவியை நெருங்குகின்றது. அக்குறிப்பு லினக்ஸின் உட்கருவாகிய கர்னலைச் சேர்கின்றது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் சிஸ்டம்டி என்னும் மேலாண்மை நிரல் அதனை அறிந்து, கணினியைத் துயிலச் செய்கின்றது. துயிலிலும் நினைவகம் சிறிதளவு மின்சாரம் பெற்று, நாம் செய்த பணியைக் காத்து நிற்கும்.

விழிக்குங்கால் ஒவ்வோர் உறுப்பையும் அதனதன் இயக்கி நிரல் எழுப்புதல் வேண்டும். திரைக்கு வேண்டுவன இரண்டு: உருவம் வரையப்படுதல் ஒன்று, பின்னிருந்து ஒளியூட்டப்படுதல் மற்றொன்று. இவற்றுள் எது தவறினும் நாம் காண்பது இருளே. இருள் ஒன்றாயினும் நோய் பல என்பது இதனாற் பெறப்படும். ஆதலின் பொத்தானைத் தொடுமுன் மூன்று சோதனைகள் செய்தல் நன்று.

முதலாவது, கேப்ஸ் லாக் விசையை அழுத்துக. அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின், கணினி பெரும்பாலும் விழித்தே உளது. மாறாதொழியினும் உடனே முடிவு கட்டற்க.

இரண்டாவது, அறையை இருட்டாக்கிக் கைவிளக்கைத் திரைமேற் சாய்த்துப் பிடித்து நோக்குக. மங்கலாகவேனும் எழுத்துக்கள் தோன்றின், உருவம் உளது, பின்னொளியே இலது. திரையொளியைக் கூட்டும் விசையை அழுத்திப் பார்க்க. பின்னொளி உடைய திரைகளுக்கே இச்சோதனை பொருந்தும்.

மூன்றாவது, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. வெறும் எழுத்துத் திரை தோன்றின், கர்னலும் திரையும் இயங்குகின்றன. பிழை வரைகலைச் சூழலின்கண் உளது என்க. எஃப்3க்கு மாறாக எஃப்1 அல்லது எஃப்2 விசையால் திரும்புங்கால், சிற்சில வேளை படமும் மீண்டு வரும்.

மூன்றும் பயனிலவாயின் கணினியை அணைப்பதன்றி வேறு வழி பெரும்பாலும் இல்லை. மீண்டும் இயக்கியபின், முந்தைய இயக்கத்தின் பதிவேட்டு இறுதி வரிகளை நோக்குக. தவறு துயிலும்போது நேர்ந்ததா, விழிக்கும்போது நேர்ந்ததா என்பதை அவை பலகாலும் காட்டும். கர்னலையும் திரை இயக்கி நிரலையும் புதுப்பித்தலும், கணினி இடந்தருமாயின் துயில்வகையை மாற்றி அமைத்தலும் அடுத்துச் செய்யத்தக்கன. பிழை நீங்குமளவும், மூடியை மூடினும் துயிலாதவாறு அமைத்துக்கொள்ளலாம், எனினும் அங்ஙனம் விழித்திருக்கும் கணினியைப் பையினுள் வைத்தல் கூடாது, வெப்பம் மிகும்.

சென்ற திங்கள் தோழரின் திரை மறுபடியும் இருண்டது. அவர் கை பொத்தானை நோக்கிச் சென்றது, யாம் தடுத்தோம். மூன்றாம் சோதனையில் எழுத்துத் திரை தோன்றிற்று. திரும்பியபோது கட்டுரை வரி குறையாமல் இருந்தது. அன்று முதல் அவர், மூடுமுன் சேமித்தலை ஒருநாளும் மறந்திலர். யாமும் மறந்திலேம்.