பிடுங்கின நாற்று வரப்பில் கிடக்கலாமா?

வேத பாடம்: அப்போஸ்தலர் 18:1-4, 18-28, சங்கீதம் 92:12-14



கூத்தாநல்லூர்க்காரர்களுக்கு ஊர் விட்டு ஊர் போவது புதிதல்ல. சிங்கப்பூர், மலேசியா, அரபு நாடுகள் என்று கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் இங்கே எத்தனையோ பேர். விசுவாசக் குடும்பங்களும் அப்படித்தான். ஒருவருக்கு பாங்கியில் டிரான்ஸ்பர், ஒருவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, இன்னொருவருக்குப் பிள்ளைகள் படிப்பு. லாரி வாடகை, வீட்டு அட்வான்ஸ், பள்ளிக்கூட டி.சி., ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஞாபகமாய்ப் பார்க்கிறோம். சபையை மட்டும், "போனதும் பாத்துக்கலாம்" என்று தள்ளிவிடுகிறோம். ஒரு மாசம் ஆறு மாசமாகும். முதலில் வீட்டு ஜெபம் நிற்கும். பிறகு பிள்ளைகள் ஞாயிறு பள்ளியை மறப்பார்கள். விசுவாசத்தை மறுதலித்து விழுந்தவர்களைவிட, இப்படிச் சத்தமில்லாமல் காணாமல் போன குடும்பங்கள் அதிகம் அல்லவா?

நாம் நெல் விளைகிற பூமியில் இருக்கிறவர்கள். நாற்றங்காலில் பிடுங்கின நாற்று முடிச்சை வெயிலில் வரப்பில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? வேர் காய்ந்துபோகும். சீக்கிரம் நட வேண்டும். நட்ட பிறகும் சில நாள் மஞ்சளித்துத்தான் நிற்கும். அதைப் பார்த்து யாரும் பிடுங்கி அடுத்த வயலில் நடுவதில்லை. வேர் பிடித்தால் தானாகப் பச்சை கட்டும். கர்த்தருடைய ஆலயத்தில் நாட்டப்பட்டவர்களைப் பற்றி சங்கீதக்காரன் சொல்லுகிறதும் இதுதான்.

1. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள்

இவர்களைப்போல் வீடு மாறினவர்கள் உண்டா? ஆக்கில்லா பிறந்தது பொந்து தேசம். கி.பி. 49 வாக்கில் கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியிலிருந்து துரத்தினபோது கொரிந்துவுக்கு வந்தார்கள். அங்கிருந்து எபேசு. ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் ரோமாபுரி. கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர்கள். போன ஊரில் எல்லாம் ஐக்கியத்தைத் தேடினார்கள், எபேசுவிலும் ரோமிலும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடிற்று (1 கொரிந்தியர் 16:19, ரோமர் 16:5).

ஒன்று கவனியுங்கள். எபேசுவில் அப்பொல்லோ பிரசங்கம் பண்ணினபோது அதில் குறை இருந்தது. அவர் யோவானின் ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தார். "இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல, வேற இடம் பாப்போம்" என்று இவர்கள் எழுந்து போகவில்லை. அவரைத் தனியே அழைத்து, தேவனுடைய வழியை இன்னும் தெளிவாக விளக்கினார்கள். குறை கண்ட இடத்தில் விமர்சனம் செய்யாமல் ஊழியம் செய்தார்கள்.

2. சபை இல்லாத ஊருக்குப் போனால்?

நம்முடைய தஞ்சாவூர்ச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. கிளாரிந்தா என்ற மராட்டிய பிராமண விதவை தஞ்சாவூரில் ஞானஸ்நானம் கேட்டார். விவாகமில்லாமல் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்ததால் சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்கவில்லை. பிறகு பாளையங்கோட்டைக்குப் போனார். அந்த அதிகாரியும் காலமானார். 1778-ல் அங்கே வந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். போய்ச் சேர்ந்துகொள்ள அந்த ஊரில் நிலைபெற்ற சபை இல்லை. அதற்காக அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1780-ல் சபைப் பதிவேட்டில் 40 பேர்! 1785-ல் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஜனங்கள் சொல்லும் அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது. ஊழியத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் அனுப்பப்பட்டார். சபை இல்லாத ஊர் என்பது சாக்கு அல்ல, அழைப்பு.

3. எப்படித் தேடுவது?

அ) புறப்படுமுன் போதகரிடம் சொல்லுங்கள். கெங்கிரேயாவிலிருந்து போன பெபேயாளுக்காகப் பவுல் எழுதினாரே (ரோமர் 16:1, 2), அப்படி ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கவேண்டிய கடனையும் சகோதரனோடுள்ள மனஸ்தாபத்தையும் தீர்த்துவிட்டுப் போங்கள். ஊர் மாறினால் பாவம் மாறாது.

ஆ) முதல் வார ஆராதனையையே தவறவிடாதிருங்கள். குவைத் போன்ற நாடுகளில் வெள்ளிக்கிழமை ஆராதனை உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

இ) டிரம்ஸ், ஏ.சி., கூட்டம் இவைகளைப் பார்த்துத் தீர்மானிக்காதிருங்கள். அப்போஸ்தலர் 2:42-ல் உள்ள நான்கும் உண்டா என்று பாருங்கள்: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். காணிக்கைக் கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறதா? (2 கொரிந்தியர் 8:20, 21) சொன்னதை வேதத்தில் ஆராய்ந்து பார்க்க இடம் கொடுக்கிறார்களா? (அப்போஸ்தலர் 17:11) கேள்வி கேட்டால் சாபம் என்று பயமுறுத்துகிற இடம் வேண்டாம்.

ஈ) நான்கு வாரம் ஒரே இடத்துக்குப் போங்கள், வாரநாள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மேடை தெரியும், வாரநாளில் மனுஷர் தெரிவார்கள். "எங்க ஊரு சபை மாதிரி வருமா?" என்பதை விட்டுவிடுங்கள். பழைய சபையையே தேடினால் எந்த ஊரிலும் கிடைக்காது.

4. நம்மிடத்தில் வருகிறவர்கள்

எருசலேமில் சவுல் சீஷரோடு சேரப் பார்த்தபோது எல்லாரும் பயந்தார்கள். பர்னபா ஒருவன்தான் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தான் (அப்போஸ்தலர் 9:26, 27). மன்னார்குடிப் பக்கமிருந்தோ திருவாரூர்ப் பக்கமிருந்தோ புதிதாய் ஒரு குடும்பம் வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தால், நாம் என்ன செய்கிறோம்? ஸ்தோத்திரம் சொல்லிக் கைகுலுக்கினால் போதாது. பால் எங்கே கிடைக்கும், நல்ல டாக்டர் யார், எந்தப் பஸ் எப்போது வரும் என்று சொல்லுங்கள். முதல் ஞாயிறு மத்தியானமே சாப்பிடக் கூப்பிடுங்கள். அந்தச் சகோதரிக்கு இங்கே ஒருவரையும் தெரியாது.

சிந்திக்க:

1. கடந்த ஆண்டில் நம் சபையிலிருந்து வெளியூர் போன குடும்பங்கள் இப்போது எந்தச் சபையில் இருக்கிறார்கள்? நமக்குத் தெரியுமா?

2. அப்பொல்லோவிடம் குறை கண்டபோது ஆக்கில்லா செய்தது என்ன? நாம் செய்வது என்ன?

ஜெபக் குறிப்பு: ஊர் மாறிப் போய் இன்னும் வேர் பிடிக்காத ஒரு குடும்பத்தின் பெயரை இந்த வாரம் உபவாச ஜெபத்தில் சொல்லி ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, மறக்காமல் அவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.