கொடுப்பனவு குறையாமல் வீடு வந்து சேர

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது எமது ஊர்களில் எல்லோரும் அறிந்த பழமொழி. சிறுகச் சேர்வது பெருகுவது போலவே சிறுகக் கழிவதும் ஈற்றில் பெருந்தொகையாகி விடும். வங்கி வழியாக வரும் அரச கொடுப்பனவில் இதைத் தெளிவாகக் காணலாம்.

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தின் கொடுப்பனவு வங்கிக் கணக்கில் நேரடியாக இடப்படுகிறது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பங்களுக்கு மாதம் 10,000 ரூபாவும், மிக வறிய குடும்பங்களுக்கு 17,500 ரூபாவும் என அது உயர்த்தப்பட்டது. 2024/25 காலபோகத்தில் நெல் செய்கையாளருக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வீதம் உரமானியமும் கணக்கிலேயே இடப்பட்டது. இடையில் எவர் கையும் படாமல் காசு வருவது நல்லதே. ஆனால் கணக்குக்கு வந்த காசு முழுவதும் வீட்டுக்கு வருகிறதா?

எங்கே கழிகிறது?

வங்கிக்கு வங்கி வேறுபட்டாலும் கழிவுகள் பெரும்பாலும் இவைதான்: ஏ.ரி.எம். அட்டைக்கான ஆண்டுக் கட்டணம், வேறு வங்கியின் இயந்திரத்தில் காசெடுப்பதற்கும் மீதி பார்ப்பதற்கும் கட்டணம், கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திக்கான கட்டணம், குறைந்தபட்ச மீதி இல்லாவிட்டால் கட்டணம். இவற்றைவிட, 2025 ஏப்ரல் முதல் சேமிப்பு வட்டியில் 10 சதவீதம் வரியாகக் கழிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர்கள் சுய பிரகடனப் படிவம் கொடுத்து இதைத் தவிர்க்கலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

மாதம் 10,000 ரூபா பெறும் ஒரு குடும்பம் அதை நான்கு தடவையாக வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுக்கிறது என்று கொள்வோம். ஒரு தடவைக்கு 30 ரூபா கழிந்தால் மாதம் 120 ரூபா. ஆண்டுக்கு 1,440 ரூபா. ஒரு பிள்ளையின் கொப்பிச் செலவு அதில் அடங்கிவிடும். அதேவேளை, 30 ரூபாவை மிச்சம் பிடிக்கவென்றே பொன்னாலைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய்வந்தால் பஸ் காசு அதைவிட அதிகம். ஒரு நாள் கூலியும் போய்விடும். ஆகவே கட்டணத்தோடு பயணச் செலவையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. கணக்கு உள்ள வங்கியின் கிளையிலோ அதன் சொந்த இயந்திரத்திலோ காசெடுப்போம். சந்தைக்கோ ஆசுபத்திரிக்கோ போகும் நாளில் இதையும் சேர்த்து முடித்துக்கொள்வோம்.

2. மாதத்துக்கு ஒருமுறை, தேவையான தொகையைக் கணக்கிட்டு ஒரேயடியாக எடுப்போம்.

3. வங்கிப் புத்தகத்தை மாதந்தோறும் பதிவித்து, கழிந்த ஒவ்வொரு தொகைக்கும் காரணம் கேட்போம். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

4. பாவிக்காத சேவைகளை எழுத்தில் கேட்டு நிறுத்துவோம். புத்தகத்தோடு நேரில் போய் எடுப்பவருக்கு அட்டை தேவையா என்று யோசிக்கலாம்.

5. கடைக் கடனுக்கோ வட்டிக் கடனுக்கோ அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் ஒருபோதும் ஈடு வைக்கக் கூடாது. வங்கி கழிப்பது முப்பது ரூபா என்றால், இங்கே முழுக் கொடுப்பனவுமே போய்விடும்.

இடம்பெயர்ந்தோரின் பழைய கணக்குகள்

1991இல் காரைநகரைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, 1995இல் வலிகாமத்திலிருந்தும் இடம்பெயர நேர்ந்தது. இப்படி இடம் மாறும்போது வெவ்வேறு ஊர்களில் கணக்குத் திறந்தவர்கள் உண்டு. பழைய கணக்கு இருந்தால் இப்போது வசிக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள கிளைக்கு மாற்றும்படி கேட்கலாம். தேவையற்ற கணக்கை மூடிவிடலாம். பத்து ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்குப் போய்விடும். அப்படிப் போனாலும் உரிமை அழிவதில்லை. கணக்கிருந்த வங்கியிடமே உரியவரோ வாரிசுகளோ விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். புத்தகம் தொலைந்திருந்தாலும் அடையாள அட்டையோடு போய் விசாரியுங்கள்.

கேட்பது எமது உரிமை

கட்டண அட்டவணையைக் காட்டும்படி வங்கியிடம் கேட்க எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச மீதி தேவையில்லை. மாதத்தில் குறைந்தது நான்கு தடவையாவது கட்டணமின்றிக் காசெடுக்க இடமளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. எமது கொடுப்பனவுக் கணக்குக்கு என்னென்ன சலுகை உண்டு என்று கணக்குத் திறக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

காரணம் விளங்காத கழிவு கண்டால் முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அஸ்வெசும கொடுப்பனவே வராவிட்டால் நலன்புரி நன்மைகள் சபையின் இலக்கம் 1924. பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம்.

இது எவரும் இரங்கிக் கொடுக்கும் பிச்சையல்ல. வீட்டையும் வயலையும் கிணற்றையும் விட்டு அலைந்த குடும்பங்கள் மறுபடி காலூன்றுவதற்கு உரிய காசு. அதன் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் கேட்போம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

• சென்ற மூன்று மாதங்களில் எமது புத்தகத்தில் எவ்வளவு கழிந்துள்ளது? எதற்காக?

• எமது ஊருக்குப் போக்குவரத்துச் செலவு குறைந்த வங்கிக் கிளை எது?

• முதியவர்களையும் தனித்து வாழும் பெண்களையும் வங்கிக்கு அழைத்துச் செல்ல எம்மில் யார் பொறுப்பெடுப்பது?