பித்தளை வாத்தியம் பயிலும் பிள்ளைக்கு ஓர் இருக்கை

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை வகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். நம் கோயில் வீதிகளில் முழங்கிய கொம்பும் எக்காளமும் உலோகத்தால் ஆன ஊதுகருவிகளே. ஆகவே, இங்கிலாந்தில் வளரும் நம் பிள்ளையொருவர் ட்ரம்பெட்டையோ ட்ராம்போனையோ கையில் எடுக்கும்போது, அது நமக்கு முற்றிலும் அந்நியமான கலை என்று நாம் எண்ண வேண்டியதில்லை. இங்குள்ள ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் ஒரு வகுப்பு முழுவதற்கும் சேர்த்தே இசைக்கருவி கற்பிக்கின்றனர். நம் பிள்ளைகள் சிலர் பித்தளை வாத்தியங்களுக்கு அறிமுகமாவது இவ்வழியிலேதான்.

இடர்ப்பாடு தொடங்குவது இடைநிலைப் பாடசாலையிலாகும். சில பாடசாலைகளில் நல்ல இசைக்குழு உண்டு. வேறு சிலவற்றிலோ பித்தளை வாத்தியம் வாசிப்போர் ஒருவர் அல்லது இருவரே இருப்பர். அங்கே பயிலும் பிள்ளை வீட்டில் தனித்திருந்து, அடுத்த தரப் பரீட்சைக்குரிய உருப்படிகளையே திரும்பத் திரும்ப ஊதவேண்டி வருகிறது. நாளடைவில் ஆர்வம் குன்றி, பதின்மூன்று பதினான்கு வயதில் கருவி பெட்டிக்குள் உறங்கத் தொடங்குகிறது. பிள்ளையின் சோம்பலே இதற்குக் காரணம் என்று பெற்றோர் கருதுவர். பல வேளைகளில் உண்மைக் காரணம், கூடி வாசிக்க இடம் இல்லாமையே.

கூடி வாசிப்பதன் இன்றியமையாமை

பியானோவும் வீணையும் தனித்தும் நிறைவான இசை தரவல்லவை. பித்தளை வாத்தியமோ இயல்பாக ஒரு வேளையில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். அதன் இசையிலக்கியத்தின் பெரும்பகுதி குழுவுக்கென எழுதப்பட்டது. அருகிலிருப்பவரின் சுருதியோடு தன் சுருதியை இணைத்தல், வாசிக்காதிருக்கும் அளவுகளை மனத்தில் எண்ணி உரிய இடத்தில் நுழைதல், நடத்துனரின் கையசைவுக்கேற்ப மூச்சை அளத்தல் ஆகியவற்றைத் தனியறையில் கற்க இயலாது. ஜி.சி.எஸ்.ஈ. இசைப் பாடத்திலும் தனி வாசிப்போடு, பிறருடன் சேர்ந்து ஒரு நிமிடமேனும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று.

இருக்கைகளின் கணக்கு

குழு என்றதும் பெற்றோர் பலரின் எண்ணம் சிம்பொனி இசைக்குழுவின்பாற் செல்கிறது. அங்குள்ள இருக்கைகளை எண்ணிப் பார்ப்போம். வழக்கமான அமைப்பில் ஹார்ன் 4, ட்ரம்பெட் 2 அல்லது 3, ட்ராம்போன் 3, டியூபா 1 ஆக, ஏறத்தாழ 11 பேருக்கே இடமுண்டு. வயலின் வாசிப்போருக்கு அதே குழுவில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கலாம். ஆகவே இளையோர் சிம்பொனிக் குழுவில் இடம் கிட்டாமை, பிள்ளையிடம் திறமை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இனி, இந்நாட்டுக்கே உரிய பித்தளை வாத்தியக் குழுவை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளரிடையேயும் சுரங்கத் தொழிலாளரிடையேயும் செழித்து வளர்ந்த மரபு இது. யோர்க்‌ஷயரில் ஓர் ஆலையைச் சார்ந்து 1855இல் உருவான பிளாக் டைக் குழு இன்றும் புகழோடு விளங்குகிறது. 1917இல் தோன்றிய கிரைம்தோர்ப் சுரங்கத் தொழிலாளர் குழுவோ, 1993இல் அச்சுரங்கமே மூடப்பட்ட பின்னரும் கலையாமல் நிலைத்து நிற்கிறது.

இத்தகைய குழுவின் அமைப்பு வருமாறு: கார்னெட் 10, ஃபுளூகல்ஹார்ன் 1, டெனர் ஹார்ன் 3, பாரிட்டோன் 2, யூஃபோனியம் 2, ட்ராம்போன் 3, டியூபா 4. மொத்தம் 25 பேர். தாளக்கருவியாளர் இதற்கு மேலதிகம். இருபத்தைந்து இருக்கைகளும் பித்தளை வாத்தியக்காரருக்கே உரியவை. ஊர்க் குழுக்கள் பல, தொடக்க நிலையினருக்கெனத் தனிப் பயிற்சிக் குழுவும் நடத்துகின்றன. கருவியை இரவலாகவும் தருவதுண்டு. நம் பிள்ளைகள் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுவே.

ட்ரம்பெட் வாசிப்போர் இக்குழுவில் ட்ரம்பெட் இல்லையே என்று தயங்க வேண்டாம். வழக்கமான ட்ரம்பெட்டும் கார்னெட்டும் பி-ஃபிளாட் சுருதியில் அமைந்தவை, விரல்முறையும் ஒன்றே. பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர் டெனர் ஹார்னுக்கு மாறலாம். ஆயின் இடக்கையால் அழுத்திய வால்வுகளை வலக்கையால் அழுத்தப் பழகவேண்டும். ட்ராம்போன், டியூபா வாசிப்போர் இக்குழுக்களின் வழக்கப்படி ட்ரெபிள் கிளெஃபில் எழுதப்பட்ட இசையை வாசிக்கக் கற்றல் வேண்டும். பாஸ் ட்ராம்போனுக்கு மட்டும் விலக்குண்டு. சில வார முயற்சியில் இது கைவரக்கூடியதே.

சனிக்கிழமைச் சிக்கல்

நம் பாடசாலையோடு தொடர்புடைய இடர் ஒன்றும் உண்டு. உள்ளூராட்சிப் பகுதிகளின் இசை நிலையங்கள் பல சனிக்கிழமை காலையிலேயே இயங்குகின்றன. இலண்டனிலுள்ள ரோயல் அக்கடமி, ரோயல் கல்லூரி, கில்ட்ஹோல், டிரினிட்டி லாபன் ஆகிய உயர் இசைக்கல்லூரிகளின் இளையோர் பிரிவுகளும் சனிக்கிழமைகளில் நடைபெறுவனவே. இதனால் தமிழா, இசையா என்னும் வினா நம் இல்லங்களில் எழுகிறது. பதின்ம வயதுப் பிள்ளையிடம் இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொன்னால், பெரும்பாலும் கைவிடப்படுவது தமிழே என்பதை நாம் அறிவோம்.

ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் வார நாள் மாலைகளில் ஒத்திகை நடத்துபவை. ஆதலால் இவ்வினா எழவேண்டிய தேவையே பல குடும்பங்களுக்கு இல்லாது போகும். கடற்படை, வான்படை சார்ந்த இளையோர் கடேற் அணிகளும் வார நாள் மாலைகளிலேயே பெரும்பாலும் கூடுகின்றன. அவற்றுட் சில பாண்ட் வாத்தியக் குழுவும் வைத்துள்ளன. சால்வேஷன் ஆர்மி என்னும் இரட்சணிய சேனைக்கும் நெடிய பித்தளை இசை மரபு உண்டு. அது ஒரு கிறித்தவத் திருச்சபை ஆதலால், சேருவதற்குரிய நிபந்தனைகளை முன்னரே கேட்டறிதல் இரு சாராருக்கும் நலம்.

தேடும் முறை

1. பிள்ளையின் கருவி ஆசிரியரை முதலிற் கேளுங்கள். பல பாடசாலைகளுக்குச் சென்று கற்பிப்பவராயின், சுற்றுவட்டாரக் குழுக்களை அவர் அறிந்திருப்பார்.

2. உங்கள் பகுதிக்குரிய மியூசிக் ஹப் அமைப்பை அணுகுங்கள். 2012இல் தொடங்கிய இவ்வமைப்புகள் 2024 செப்டெம்பரில் 43 ஆகச் சீரமைக்கப்பட்டன. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்றும் தயங்காமல் விசாரியுங்கள்.

3. பிராஸ் பாண்ட்ஸ் இங்கிலாந்து என்னும் தேசிய அமைப்பின் வாயிலாக அருகிலுள்ள குழுக்களைக் கண்டறியலாம்.

4. சேருமுன் ஒரு நாள் பிள்ளையோடு ஒத்திகைக்குச் சென்று அமர்ந்து கேளுங்கள். சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், சந்தா எவ்வளவு, சீருடையும் கருவியும் குழுவே தருமா என்பவற்றைக் கேட்டறியுங்கள். பெரியோரும் இளையோரும் கலந்து வாசிக்கும் குழுக்களில் இவ்வினாக்கள் இயல்பானவை. நல்ல குழு எதுவும் இவற்றைத் தவறாக எண்ணாது.

5. தொடக்கத்தில் மூன்றாம் கார்னெட் இருக்கையே கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். முன்வரிசை பின்னர் வரும். பல்லுக்குக் கம்பி கட்டியுள்ள பிள்ளைகளுக்கு உதட்டமைப்பு மாறுவதால் உயர்ந்த சுரங்கள் சிலகாலம் வசப்படா. அவ்வேளையில் கீழ்ச்சுரங்கள் மிகுந்த பகுதியை வாசிப்பது நல்ல வழி. கருவியையே கைவிட வேண்டியதில்லை.

மேலும் உயர விரும்புவோர்க்கு

தேர்ச்சி மிக்க மாணவருக்குத் தேசிய அளவிலும் வாய்ப்புகள் உள. 1948இல் நிறுவப்பட்ட தேசிய இளையோர் சிம்பொனிக் குழு, 1965இல் தோன்றிய தேசிய இளையோர் ஜாஸ் இசைக்குழு, ஈஸ்டர், கோடை விடுமுறைகளில் தங்கிப் பயிலும் முகாம்களை நடத்தும் பிரித்தானியத் தேசிய இளையோர் பித்தளை வாத்தியக் குழு ஆகியவை குறிப்பிடத்தக்கன. நான்கு ட்ரம்பெட்டும் நான்கு ட்ராம்போனும் இடம்பெறும் ஜாஸ் பெருங்குழு, இக்கருவியாளருக்கு மற்றுமொரு நல்ல களம். இவற்றிற் சேரத் தெரிவுத் தேர்வு உண்டு. ஊர்க் குழுவில் இரண்டு மூன்று ஆண்டு வாசித்த பட்டறிவே அத்தேர்வுக்குச் சிறந்த ஆயத்தமாகும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

வாய்ப்பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம், ட்ரம்பெட் வாசிப்பைப் பாடசாலையின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் தகாது. கிழமைக்கொரு மாலை, அடுத்த ஊர் மண்டபம் வரை ஒரு பயணம்: நம்மிடம் கேட்கப்படுவது இவ்வளவே. அங்கே வேற்றினத்தவரான முதியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் மூச்சோடு தன் மூச்சை இணைத்து வாசிக்கும் நம் பிள்ளை, இந்நாட்டு மக்களோடு சமமாகக் கூடி வாழும் கலையையும் கற்றுக்கொள்கிறது. சனிக்கிழமை தமிழ், வார நாள் ஒன்றின் மாலையில் இசை என இரண்டையும் பேணும் பிள்ளைகளை வளர்த்தெடுப்போம். வரும் ஆண்டுவிழாக்களில் அவர்தம் எக்காள முழக்கம் நம் மேடையிலும் ஒலிக்கட்டும்.