‘அவரு எப்பவுமே அப்படித்தான்’

நம்பிக்கை: காது கேளாதவருக்கு மறதி நோய் வந்தாலும் தெரியாது, அவருக்கு எப்பவுமே புரியாதே.

மரக்காணம் உப்பளத்தில் ஆயுள் முழுக்க உப்பு வாரிய, காது கேளாத முதியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் போன பாத்திக்கு வழி தடுமாறுகிறது. பேரனைக் குறிக்கும் சைகை கைக்கு வர மறுக்கிறது. நேற்றுவரை தெரிந்தது இன்று தெரியாமல் போனால், பழியைக் காதின் மேல் போட முடியாது. ஆனால் கண்ணை முதலில் பார்த்துவிட வேண்டும். புரை விழுந்திருந்தால் எதிரில் இருப்பவரின் கையசைவே மங்கும்.

நம்பிக்கை: சைகை வெறும் கையசைவு, நோய் அதைத் தொடாது.

தொடும். இடப்பக்க மூளை சேதமானால் பேச்சைப் போலவே சைகையும் குலையும் என்று அமெரிக்காவில் பாய்ஸ்னர், கிளீமா, பெலூகி மூவரும் 1987-லேயே புத்தகமாக எழுதிவிட்டார்கள்.

நம்பிக்கை: டாக்டர் கேட்பதைச் சைகையில் கேட்டால் போதும்.

மறதியைச் சோதிக்க 1975-இல் உருவாகி உலகெங்கும் புழங்கும் எம்.எம்.எஸ்.இ. தேர்வில், கைக்கடிகாரத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்பார்கள். அவர் மணிக்கட்டைத் தட்டுகிறார். பெயர் சொன்னாரா, சும்மா தொட்டாரா? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2015-இல் பிரிட்டிஷ் சைகை மொழிக்கென்றே தனித் தேர்வை வெளியிட்டார்கள். நம் சைகை மொழி வேறு. அதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது.

நம்பிக்கை: மகள் கூட வர்றா, மொழிபெயர்ப்பாளர் எதுக்கு?

மகள் அவசியம் வேண்டும். பள்ளிக்கூடமே போகாதவருக்கு வீட்டுச் சைகைதான் மொழி. டெல்லியில் 2015-இல் தொடங்கிய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 10,000 சொற்களுக்கு அகராதி போட்டிருக்கிறது; இவர் வீட்டுச் சைகையை அதில் தேட முடியாது. ஆனால் மகள் பாசத்தில் ஓட்டையை அடைத்துவிடுவாள். அப்பா பாதியில் விட்ட சைகையைத் தானே முடித்து, “நல்லாத் தூங்குறேன்னு சொல்றாரு டாக்டர்” என்பாள்.

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரும் லேசுப்பட்டவர் இல்லை. தெளிவில்லாததைச் சரளமான தமிழாக்கித் தருவதுதான் அவர் தொழில்; இங்கே அந்தத் திறமையே நோயை மூடிவிடும். “மூன்று கேள்விக்கும் ஒரே சைகை போட்டார், இந்த இடம் எனக்கே விளங்கவில்லை” என்று அவர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். டாக்டரும் அதைத் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ கிளம்பும்போது, பழைய பொங்கல், கல்யாண வீடியோ போனில் இருந்தால் எடுத்துப்போங்கள். அவர் கை முன்பு எப்படிப் பேசியது என்பதற்கு டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.